தூக்கித் தைப்பதா, தாங்கிப் பிடிப்பதா?

நிறைந்த பிளாஸ்டிக் குடத்தைத் தரையிலிருந்து இடுப்புக்கு ஏற்றும் நொடியில் வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென்று எகிறுகிறது. இருமினாலும் தும்மினாலும் வாய்விட்டுச் சிரித்தாலும் அப்படியே. அந்த அழுத்தம் சிறுநீர்ப்பையையும் சேர்த்தே அமுக்கும். பையிலிருந்து வெளியே வரும் குழாய் அதே நொடியில் இறுகி மூடிக்கொண்டால் ஒன்றும் நேராது. மூடாவிட்டால் சில சொட்டுகள் சிந்தும். சிலருக்குப் பாவாடையே நனையும். மழை பொய்த்த ஆண்டுகளில் குடத்தோடு தெருத்தெருவாக நடந்த திண்டுக்கல்லிலும், வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைத் தூசியில் நாளெல்லாம் இருமும் பெண்களிடத்திலும் இது புதிய செய்தி இல்லை. “இருமுனா ஒண்ணுக்குச் சிந்திருது” என்று அக்காவிடமோ மதினியிடமோ சொல்வார்கள். டாக்டரிடம் சொல்வது அரிது.

2013-ல் இந்தியச் சிறுநீரியல் இதழில் வெளிவந்த ஒரு மருத்துவமனை ஆய்வில் 3,000 பெண்களிடம் விசாரித்தபோது, 21.8 விழுக்காட்டினருக்குச் சிறுநீர் கசிவு இருந்தது. அவர்களில் நான்கில் மூன்று பேருக்கு ஏறத்தாழ இந்த வகைதான்: பளு, இருமல், தும்மலோடு வரும் கசிவு. ஐந்து பெண்களில் ஒருவருக்கு இருக்கும் ஒரு தொல்லையை “பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்று மூடிவைத்திருக்கிறோம். பஸ்ஸில் போகும் நாளில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, விசேஷ வீட்டுக்குப் போவதைத் தவிர்ப்பது, கிழிந்த சேலையை மடித்து வைத்துக்கொள்வது என்று அவர்களே வழி தேடிக்கொள்கிறார்கள். அவசியமே இல்லாத துன்பம் இது. உடம்பின் ஒரு தாங்குதளம் தளர்ந்ததால் வந்த பழுதைச் சரிசெய்யப் பல வழிகள் உண்டு. எந்த வழி என்பதைத் தீர்மானிக்கும்போது ஒரு பெண்ணின் உடம்போடு அவர் செய்யும் வேலையையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது.

பெண்ணின் சிறுநீர்த்தாரை, அதாவது பையிலிருந்து வெளியே வரும் குழாய், சுமார் நான்கு சென்டிமீட்டர் நீளம்தான். அது யோனியின் முன்சுவர்மீது படிந்து கிடக்கிறது. அந்தச் சுவரை இருபுறமும் இடுப்புத்தளத் தசைகளும் அவற்றின் உறைகளும் இழுத்துப் பிடித்திருக்கின்றன. 1994-ல் அமெரிக்க மருத்துவர் ஜான் டிலான்ஸி, கசிவுக்கான காரணம் இந்தப் படுகையில் இருக்கிறது என்று உடற்கூறு ஆய்வுகளின் வழியே காட்டினார். தோட்டத்து ஓஸ் பைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கெட்டித் தரையில் கிடக்கும் பைப்பைக் காலால் மிதித்தால் தண்ணீர் நின்றுவிடும். சேற்றில் கிடக்கும்போது மிதித்தால் பைப் புதையுமே தவிர நசுங்காது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். இருமல்தான் அந்த மிதி. யோனிச்சுவர் கெட்டியாக இருந்தால் சிறுநீர்த்தாரை அதன்மேல் அழுந்தி மூடிக்கொள்ளும். சுவர் தொளதொளத்துப் போயிருந்தால் மூடாது.

பிரசவத்தின்போது தசைகளும் அவற்றுக்குப் போகும் நரம்புகளும் இழுபடுவது முதல் காரணம். மாதவிடாய் நின்றபின் திசுக்கள் மெலிவது, உடல் எடை, தீராத மலச்சிக்கல், ஆண்டுக்கணக்கான இருமல், தினசரிப் பளு ஆகியவை அதன்மேல் சேர்கின்றன. சிலருக்குப் படுகை நன்றாகவே இருக்கும். சிறுநீர்த்தாரையின் இறுக்கும் தசை மட்டும் பலவீனப்பட்டிருக்கும். பலருக்கு இரண்டும் கலந்திருக்கும்.

கசிவெல்லாம் ஒரே நோய் இல்லை. அவசரம் பொறுக்க முடியாமல், கதவைத் திறப்பதற்குள் போய்விடுகிறது என்றால் அது சிறுநீர்ப்பை தன்னிச்சையாகச் சுருங்குவதால் வருவது. அதற்கு மாத்திரையும் பையைப் பழக்கும் பயிற்சியும்தான் முதல் மருத்துவம். படுகையைச் சரிசெய்யும் அறுவை அதற்கு உதவாது. இரவும் பகலும் இடைவிடாமல் ஒழுகினால் சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் நடுவில் ஓட்டை விழுந்திருக்கலாம். அதன் அறுவை முற்றிலும் வேறு. சர்க்கரை நோயும் நீர்க்கடுப்பும் இந்தப் படத்தைக் குழப்பும். அதனால் எந்த நேரத்தில், என்ன செய்யும்போது சிந்துகிறது என்று டாக்டர் பொறுமையாகக் கேட்க வேண்டும். இரண்டு மூன்று நாள் எப்போது போனோம், எப்போது சிந்தியது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்து, சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போது இருமச் சொல்லி நேரில் பார்ப்பார்கள். சிறுநீர்ப் பரிசோதனையும், போனபின் எவ்வளவு மிச்சம் தங்குகிறது என்று ஸ்கேனும் எடுப்பார்கள். யூரோடைனமிக்ஸ் என்று ஒரு பெரிய சோதனையும் உண்டு. பைக்குள் மெல்லிய குழாய் விட்டு அழுத்தத்தை அளப்பது. அது எல்லோருக்கும் தேவையா என்ற கேள்விக்கு 2012-ல் அமெரிக்காவில் 630 பெண்களிடம் செய்த ஆய்வு பதில் சொன்னது. சிக்கலில்லாத, தெளிவான இருமல்-கசிவு உள்ளவர்களில், அந்தச் சோதனை செய்துவிட்டு அறுவைக்குப் போனவர்களுக்கும் நேரடிப் பரிசோதனையோடு மட்டும் போனவர்களுக்கும் ஓராண்டு கழித்துப் பலன் ஒன்றாகவே இருந்தது. பெரிய கருவி இருக்கும் நகரத்தைத் தேடி அலைய முடியாத பெண்ணுக்கு இது பெரிய ஆறுதல். முன்பே அறுவை செய்து தோற்றவர்களுக்கும், இரண்டு வகைக் கசிவும் கலந்தவர்களுக்கும் மட்டும் அந்தச் சோதனை அவசியமாகலாம்.

கத்திக்கு முன் பயிற்சி. 1948-ல் ஆர்னால்ட் கீகல் எழுதிவைத்த இடுப்புத்தளத் தசைப் பயிற்சி இன்றைக்கும் முதல் மருத்துவம். சரியான தசையை இறுக்குகிறோமா என்று தெரிந்தவர் ஒருவர் சோதித்துச் சொல்லிக்கொடுத்து, குறைந்தது மூன்று மாதம் செய்ய வேண்டும். வயிற்றையும் தொடையையும் இறுக்கிவிட்டு “செஞ்சு பார்த்தேன், ஒண்ணும் ஆகலை” என்று விட்டுவிடுபவர்களே அதிகம். எடை கூடியவர்கள் எடையைக் குறைத்தால் கசிவும் குறைகிறது. இருமலுக்கு முதலில் மருந்து பார்க்க வேண்டும். பஞ்சுத் தூசியில் நுரையீரல் கெட்டு இருமிக்கொண்டே இருப்பவருக்குக் கீழே எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் அந்தத் தையலை ஒவ்வொரு இருமலும் சோதித்துக்கொண்டே இருக்கும். ஆனால் மிதமானது முதல் கடுமையானது வரை கசிவு உள்ளவர்களுக்குப் பயிற்சி மட்டும் போதுமா? நெதர்லாந்தில் 460 பெண்களை இரு குழுக்களாகப் பிரித்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சியில் தொடங்கியவர்களில் 49 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் அறுவையைத் தேர்ந்தெடுத்தார்கள். மீதிப் பேர் அறுவை இல்லாமலே இருந்தார்கள் என்பதும் அதே கணக்கில்தான் அடங்கியிருக்கிறது. அதனால் பயிற்சியை முதலில் செய்துபார்ப்பதில் நட்டம் ஏதுமில்லை.

இனி அறுவைகள். நூறாண்டு வரலாற்றில் மருத்துவர்கள் இந்தப் பழுதைப் புரிந்துகொண்ட விதம் மாறிக்கொண்டே வந்தது. புரிதல் மாறியபோதெல்லாம் அறுவையும் மாறியது.

பால்டிமோரில் ஹோவர்ட் கெல்லி 1913-ல் எழுதிய முறை எளிமையானது. யோனி வழியாகப் போய், சிறுநீர்ப்பையின் கழுத்துக்குக் கீழே தளர்ந்த திசுவை மடித்துத் தைப்பது. கர்ப்பப்பை இறக்கத்துக்கு அறுவை செய்யும்போது இதையும் சேர்த்துச் செய்துவிடும் வழக்கம் நம் ஊர்களில் நெடுங்காலமாக உண்டு. ஏற்கெனவே தளர்ந்துபோன திசுவையே மடித்துத் தைப்பதால் சில ஆண்டுகளில் மீண்டும் தளர்ந்துவிடுகிறது. கசிவை மட்டுமே நோக்கி வந்த பெண்ணுக்கு இன்று இதைச் செய்வது நியாயமில்லை.

அடுத்த தலைமுறை, இறங்கிப்போன கழுத்தைத் தூக்கித் தைத்தால் சரியாகும் என்று நம்பியது. 1949-ல் மார்ஷல், மார்க்கெட்டி, கிரான்ட்ஸ் மூவரும் வயிற்றைத் திறந்து, சிறுநீர்த்தாரையின் இருபக்கத் திசுவை முன்பக்க இடுப்பெலும்பின் உறையோடு சேர்த்துத் தைத்தார்கள். நாஷ்வில்லில் ஜான் பர்ச் அதே அறுவையைச் செய்துகொண்டிருந்தபோது தையல் எலும்புறையில் நிற்காமல் பிய்ந்து வந்தது. வேறு பிடிமானம் தேடியவர் கடைசியில் கூப்பர் இணைப்பு நாரைக் கண்டுகொண்டார். இடுப்பெலும்பின் ஓரத்தில் ஓடும் கெட்டியான நார் அது. 1961-ல் அவர் வெளியிட்ட முறை நாற்பது ஆண்டுகள் கோலோச்சியது. இன்று அதே அறுவையை லேப்ராஸ்கோப்பி வழியாகவும் செய்கிறார்கள். உள்ளே செயற்கைப் பொருள் நாடாவாகத் தங்குவதில்லை, தையல் மட்டுமே. வேறு காரணத்துக்காக வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தால் இதைச் சேர்த்துச் செய்வது இன்றும் நல்ல யோசனை.

1990-களில் ஸ்வீடனின் உல்ஃப் உல்ம்ஸ்டனும் ஆஸ்திரேலியாவின் பீட்டர் பெட்ரோஸும் கேள்வியையே மாற்றிப் போட்டார்கள். கழுத்தைத் தூக்கவே வேண்டாம். சிறுநீர்த்தாரையின் நடுப்பகுதிக்குக் கீழே ஒரு தாங்கல் இருந்தால் போதும் என்றார்கள். 1996-ல் வெளியான அவர்களின் அறுவை அரை மணி நேரத்தில் முடிந்தது. யோனியின் முன்சுவரில் சிறிய கீறல். பாலிப்ரோப்பிலீன் இழையில் பின்னிய, ஒரு சென்டிமீட்டர் அகல நாடா. வளைந்த ஊசிகள் வழியாக அதன் இரு முனைகளும் முன்பக்க இடுப்பெலும்பின் பின்பக்கமாக ஏறி அடிவயிற்றில் வெளிவரும். நாடாவை எங்கும் கட்டுவதோ தைப்பதோ கிடையாது. அதன் துளைகளுக்குள் உடம்பின் திசு வளர்ந்து பிடித்துக்கொள்கிறது. தொடக்க காலத்தில் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்துவிட்டு, மேஜையில் படுத்திருக்கும் பெண்ணையே இருமச் சொல்லி நாடாவின் தளர்ச்சியைச் சரிபார்த்தார்கள். சாதாரண நேரத்தில் நாடா சிறுநீர்த்தாரையை அமுக்காது. இருமும்போது மட்டும் அதற்கு அடித்தளமாக நிற்கும். கட்டி இழுத்து வைத்தால் சிறுநீர் போகாமல் அடைத்துக்கொள்ளும் என்பதால், தளர்வாக வைப்பதில்தான் இந்த அறுவையின் திறமையே இருக்கிறது.

பலன் நீடித்தது. முதல் சில ஆண்டுகளில் இந்த நாடா பொருத்தப்பட்ட 90 வடஐரோப்பியப் பெண்களை 17 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். பரிசோதனைக்கு வர முடிந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இருமினாலும் கசியவில்லை.

ஊசி அந்த எலும்பின் பின்னால் போகும்போது நூற்றில் சிலருக்குச் சிறுநீர்ப்பையைக் குத்திவிடும். அதனால் அறுவை முடியும் முன் சிஸ்டோஸ்கோப்பி வைத்துப் பைக்குள் பார்த்தே ஆக வேண்டும். இந்த ஆபத்தைக் குறைக்கப் பிரான்சின் இம்மானுவேல் டெலோர்ம் 2001-ல் நாடாவைத் தொடையிடுக்கு வழியாகக் கொண்டுபோனார். டாக்டர்கள் டி.ஓ.டி. என்று சொல்வது இதைத்தான். 1996-ல் வந்ததை டி.வி.டி. என்பார்கள். 2010-ல் வெளியான, 597 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில் ஓராண்டுப் பலன் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான்: 80.8 விழுக்காடும் 77.7 விழுக்காடும். ஆனால் சிக்கல்கள் வேறு. எலும்பின் பின்னால் போன நாடாவில் சிறுநீர் அடைத்துக்கொண்டு மறு அறுவை தேவைப்பட்டது 2.7 விழுக்காட்டினருக்கு, தொடைவழி நாடாவில் ஒருவருக்கும் இல்லை. மாறாக, தொடைவழியில் கால் மரத்தல், வலுக்குறைவு போன்றவை 9.4 விழுக்காடு, மற்றதில் 4.

நாள் முழுக்க ஆபீஸ் நாற்காலியில் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தோன்றாது. குத்தவைத்து உட்கார்ந்து களை பறிப்பவருக்கும், நிலக்கோட்டையில் விடியும் முன் குனிந்து மல்லிகைப் பூ எடுப்பவருக்கும் தொடையிடுக்கு வலி பிழைப்போடு சம்பந்தப்பட்டது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அது தணிந்துவிடும். தணியாத சிலருக்கு நாடாவை எடுக்க வேண்டிவந்தால், தொடைப் பக்கம் போன பகுதியை முழுதாக எடுப்பது கடினம். இதைச் சொல்லிவிட்டு, “நீங்க என்ன வேலைம்மா செய்றீங்க?” என்று கேட்டபின் தேர்ந்தெடுக்கும் டாக்டரே நல்ல டாக்டர்.

நாடாவின் கதையில் ஒரு கசப்பான பகுதி உண்டு. அதே பாலிப்ரோப்பிலீனை அகலமான வலையாக்கி, கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை இறக்கத்துக்கு யோனி வழியாக வைக்கத் தொடங்கினார்கள். வலை சதையைக் கிழித்து வெளியே நீட்டியது; தீராத வலி, தாம்பத்திய உறவில் வேதனை என்று ஆயிரக்கணக்கான பெண்கள் வழக்குக்குப் போனார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லும் 2011-லும் எச்சரித்து, 2019 ஏப்ரலில் இறக்கத்துக்கான அந்த வலைகளின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. கசிவுக்கான குறுகிய நாடாவை அங்கே தடை செய்யவில்லை. இங்கிலாந்து 2018 ஜூலையில் கசிவுக்கான நாடாவையும் நிறுத்திவைத்தது. பெண்கள் வலி என்று சொன்னபோது அவர்களை நம்பாமல் திருப்பி அனுப்பியதைக் கண்டித்து ஜூலியா கம்பர்லெஜ் தலைமையிலான குழு 2020 ஜூலையில் அறிக்கை தந்தது.

இந்தியாவில் நாடா இன்றும் பொருத்தப்படுகிறது. குறுகிய நாடாவில் சிக்கல் குறைவுதான். ஆனாலும் நூற்றில் சிலருக்கு நாடா யோனிச்சுவரில் வெளியே தெரியும், சிலருக்கு வலி தங்கும். நாடாவைத் தேர்ந்தெடுப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. தன் உடம்புக்குள் வாழ்நாள் முழுவதும் ஒரு பிளாஸ்டிக் பின்னல் இருக்கப்போகிறது, அதை முழுதாக வெளியே எடுப்பது கடினம் என்று அந்தப் பெண்ணுக்கு அவர் மொழியில் சொல்லப்பட வேண்டும். கணவரிடமோ மகனிடமோ கையெழுத்து வாங்கிவிட்டு நடத்தும் அறுவையாக அது இருக்கக் கூடாது.

இந்தச் சர்ச்சைக்குப் பின் பழைய முறை ஒன்று மதிப்போடு திரும்பியிருக்கிறது: சொந்தத் தசையுறை. ஜெர்மனியில் கோபெல் 1910-லேயே உடம்பின் சொந்தத் தசையைச் சிறுநீர்த்தாரைக்குக் கீழே தூளியாகக் கட்டிப் பார்த்தார். 1942-ல் ஆல்ட்ரிட்ஜ் வயிற்றுத் தசையின் மேலுறையிலிருந்து பட்டைகள் எடுத்தார். இன்று செய்யும் முறையில் அடிவயிற்றில் கிடைமட்டக் கீறல் போட்டு, தசையுறையில் ஒரு பட்டை வெட்டியெடுத்து, சிறுநீர்த்தாரைக்குக் கீழே கொடுத்து மேலே கட்டுகிறார்கள். சிசேரியன் ஆனவருக்குப் பெரும்பாலும் அந்தப் பழைய தழும்பு வழியாகவே போய்விடலாம். 2007-ல் 655 பெண்களிடம் செய்த ஆய்வில், இரண்டு ஆண்டு முடிவில் பளுக்கசிவு நின்றவர்கள் தசையுறை முறையில் 66 விழுக்காடு, பர்ச் முறையில் 49. பதிலுக்குச் சிறுநீர் போவதில் சிரமம் தசையுறை முறையில் 14 விழுக்காடு, பர்ச்சில் 2. கொஞ்ச நாள் டியூபோடு இருக்க வேண்டிவரலாம், நீர்க்கடுப்பும் வரலாம்.

எனக்கு இந்த முறைமீது தனி மரியாதை உண்டு. விலை கொடுத்து வாங்கும் பொருள் எதுவும் இதற்கு வேண்டியதில்லை. இறுக்கும் தசையே பலவீனப்பட்டவர்களுக்கும், முன்பு வைத்த நாடா தோற்றவர்களுக்கும் இது கைகொடுக்கும். ஓட்டை அடைக்கும் அறுவையோடு சேர்த்துச் செய்யும்போது செயற்கை நாடா கூடாது. அங்கே இதுதான் வழி. ஆனால் கீறல் பெரியது, ஆறிவர நாளாகும், செய்து பழகிய கை வேண்டும். இளைய டாக்டர்கள் நாடாவை மட்டும் கற்றுக்கொண்டு வந்தால் இந்தத் திறமை ஒரு தலைமுறையில் அருகிவிடும்.

கத்தி வேண்டாம் என்பவர்களுக்கு ஊசி உண்டு. சிறுநீர்த்தாரையின் சுவருக்குள் ஜெல்லை ஏற்றி, உள்வழியை நெருக்குவது. பின்லாந்தில் நாடாவோடு ஒப்பிட்டு 2020-ல் வெளியான ஆய்வில், ஓராண்டு கழித்துத் திருப்தி என்று சொன்னவர்கள் நாடாவில் 95 விழுக்காடு, ஊசியில் 59.8. வயதானவர்கள், மயக்கமருந்து தாங்காதவர்கள், இன்னும் பிள்ளை பெற நினைப்பவர்கள் ஆகியோருக்கு அந்த 59.8-உம் பெரிய உதவிதான். மற்ற அறுவைகளைப் பிள்ளைப்பேறு முடிந்தபின் செய்துகொள்வதே நல்லது என்பார்கள், அடுத்த பிரசவம் மறுபடி தளர்த்திவிடலாம் என்பதால்.

செய்யக் கூடாத ஒன்றையும் சொல்ல வேண்டும். “கர்ப்பப்பையை எடுத்துட்டா எல்லாம் சரியாயிரும்” என்று நம் பக்கம் ஒரு பேச்சு உண்டு. இருமல்-கசிவுக்குக் கர்ப்பப்பையை எடுப்பது மருந்தே இல்லை. ஸ்வீடனில் கர்ப்பப்பை எடுத்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை எடுக்காதவர்களோடு ஒப்பிட்டு 2007-ல் வெளியிட்டார்கள். பிற்காலத்தில் கசிவுக்கு அறுவை தேவைப்பட்டது, எடுத்தவர்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். இறக்கமோ கட்டியோ இருந்து எடுப்பது வேறு விஷயம். கசிவுக்காக மட்டும் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள்.

இந்த மருத்துவம் கிராமத்துப் பெண்ணை எட்டுவது எப்படி? திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராமத்தை 1947-ல் தொடங்கிய டாக்டர் சௌந்தரம் டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் படித்தவர். சின்னாளபட்டிப் பக்கத்து கஸ்தூர்பா மருத்துவமனை அந்த வழியில் வளர்ந்தது. பிரசவமும் குடும்பநலமும் கிராமத்துப் பெண்ணின் வாசலுக்கு வர வேண்டும் என்ற எண்ணம் இந்த மாவட்டத்துக்குப் புதிதில்லை. பிரசவத்துக்குப் பிந்தைய இந்த நெடுநாள் தொல்லையும் அதே அக்கறையின் கீழ் வர வேண்டும். 2021 ஆகஸ்ட் முதல் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். அந்தத் திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் இருக்கிறது. வாசலில் உட்கார்ந்து பிபி பார்க்கும் பெண், “இருமும்போது சிந்துதாக்கா?” என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டால், மூன்று மாதப் பயிற்சியை அங்கேயே தொடங்கிவிடலாம். அதற்கும் கசிவு அடங்காதவர்களை 2022-ல் திறந்த திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் பிரிவுக்கோ, சிக்கலானால் மதுரை ராஜாஜி மருத்துவமனையின் சிறுநீரியல் பிரிவுக்கோ அனுப்பலாம்.

அறுவைக்குப் பின் ஏறத்தாழ ஆறு வாரம் பளு தூக்கக் கூடாது. குடம், மூட்டை, விறகுக்கட்டு, இடுப்புப் பிள்ளை எதுவும் ஆகாது. தாம்பத்திய உறவும் அதுவரை வேண்டாம். தினக்கூலிக்குப் போகும் பெண்ணுக்கு ஆஸ்பத்திரிச் செலவைவிட இந்த ஆறு வாரம்தான் பெரிய செலவு. நாற்று நடவுக்கும் பூ சீசனுக்கும் நடுவில் எந்த மாதம் வேலை குறைவோ அதைப் பார்த்துத் தேதி கேட்கலாம். அவசர அறுவை இல்லை என்பதால் டாக்டரும் ஒத்துக்கொள்வார். தண்ணீர் பிடிப்பது யார் என்று வீட்டில் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொண்டு போக வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின் சிறுநீர் போக முக்க வேண்டியிருந்தாலோ, அடிவயிறு உப்பினாலோ, காய்ச்சலோ நாற்றமுள்ள வெள்ளையோ வந்தாலோ உடனே போய்க் காட்ட வேண்டும். நாடா வைத்திருந்தால் இன்னொன்று. நாடா வந்த பெட்டியில் அதன் பெயரும் தொகுதி எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதை டிஸ்சார்ஜ் சீட்டில் ஒட்டித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். எலும்பின் பின்பக்கமா, தொடைவழியா என்றும் எழுதித் தரச் சொல்லுங்கள். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டர் பார்க்க நேர்ந்தால், உள்ளே இருப்பது எது, எந்தப் பாதையில் போயிருக்கிறது என்று அவர் அந்தச் சீட்டைப் பார்த்தே தெரிந்துகொள்வார். ரேஷன் கார்டோடு அதையும் சேர்த்து வையுங்கள்.